கூடுதலாகக் கொடுத்த 539 ரூபாய்: திருவான்மியூர் இயற்கை அங்காடி ஒன்றில் ஓராண்டு

சென்ற மாதம் முதல் வாரத்தில் ஒரே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு கடைகளுக்குப் போனேன். ஒன்று, எங்கள் தெருமுனையில் பல ஆண்டுகளாக நாங்கள் பற்று வைத்து வாங்கிவரும் மளிகைக் கடை. மற்றொன்று, திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கும் இயற்கை அங்காடி. ஐந்து கிலோ அரிசி, ஒரு லிட்டர் கடலை எண்ணெய், ஒரு கிலோ சர்க்கரை, ஒரு கிலோ துவரம் பருப்பு, ஒரு லிட்டர் பாத்திரம் கழுவும் திரவம், மூன்று குளியல் சோப்புகள், இரண்டு பல் துலக்கிகள் என்பதே பட்டியல். மளிகைக் கடையில் விலைகளை மட்டும் குறித்துக்கொண்டேன். கூட்டிப் பார்த்தபோது 1,121 ரூபாய் வந்தது. அங்காடியில் அதே பட்டியலுக்கு, வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரையும், பொன்னி அரிசிக்குப் பதிலாகத் தூயமல்லியுமாக வாங்கி, 1,660 ரூபாய் கொடுத்தேன். வித்தியாசம் 539 ரூபாய், அதாவது ஏறத்தாழப் பாதிக்குப் பாதி கூடுதல்.

இப்படிக் கூடுதலாகக் கொடுப்பதை ஓராண்டாகச் செய்துவருகிறேன். அது எதற்காக, யாருக்குப் போகிறது, கொடுத்த அளவுக்கு ஏதேனும் நடக்கிறதா என்பதை எனக்கே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்றுதான் கணக்கு வைத்தேன். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன்; சிறு முதலீட்டில் இரண்டு பெண்கள் சேர்ந்து நடத்தும் கடைக்கு, நிறையைச் சொல்லிப் பெயரை எழுதுவதைவிடக் குறையைச் சொல்லிப் பெயரை எழுதுவது அதிகம் பாதிக்கும். அந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு எந்தக் கடை என்று தெரிந்துவிடும். மற்றவர்கள் தங்கள் பகுதியில் இருக்கும் இதுபோன்ற கடைக்குப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

உள்ளே நுழைந்தால் முதலில் சீயக்காய் வாசனையும், அதற்கு அடியில் லேசாகக் கருப்பட்டி வாசனையும் வரும். வலப்புறம் மூடி போட்ட எவர்சில்வர் டிரம்களில் அரிசி, பருப்பு, சிறுதானியங்கள். இடப்புறம் குழாய் பொருத்திய தகர டின்களில் மூன்று வகை எண்ணெய். நடுவில் ஒரு மர மேசை, அதன்மேல் மின் தராசு. பொட்டலம் கட்டித் தருவதில்லை. நாம்தான் பாத்திரம் கொண்டுபோக வேண்டும். என் தூக்குவாளியை முதலில் வெறுமையாகத் தராசில் வைப்பார்கள். 412 கிராம் என்று காட்டும். அதைச் சுண்ணக்கட்டியால் வாளியின் பக்கவாட்டிலேயே எழுதிவிட்டு, எண்ணெய் பிடித்து, மீண்டும் எடை போட்டு, வாளியின் எடையைக் கழித்துக் கணக்குச் சொல்வார்கள். எண்ணெயை லிட்டரில் விற்காமல் எடையில் விற்பதால், கேட்டால் லிட்டருக்கு எத்தனை கிராம் என்பதையும் விளக்குவார்கள்; ஒரு லிட்டர் கடலை எண்ணெய் 910 கிராம் அளவில்தான் இருக்கும். வாளியின் உட்புறம் ஈரம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதல் தடவை எனக்கு அது சற்று வருத்தமாகத்தான் இருந்தது. ஈரம் பட்ட எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும் என்று சொல்லி, சுத்தமான துணியைக் கொடுத்துத் துடைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

விலைக்கு வருகிறேன். 2024இல் பிடபிள்யுசி என்ற பன்னாட்டு ஆலோசனை நிறுவனம் 31 நாடுகளிலும் பகுதிகளிலும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நுகர்வோரிடம் எடுத்த கருத்துக்கணிப்பில், சுற்றுச்சூழலுக்கு உகந்த முறையில் தயாரித்த பொருளுக்குச் சராசரியாக 9.7 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்கத் தயார் என்று மக்கள் சொல்லியிருந்தார்கள். நூறு ரூபாய்ப் பொருளுக்குப் பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். என் பட்டியலில் இருந்த ஏழு பொருட்களில், விலை கூடுதலாக இருந்த ஆறில் ஒன்றுகூட அந்த எல்லைக்குள் இல்லை. அரிசி பாதி கூடுதல், எண்ணெய் முக்கால் பங்கு கூடுதல், சர்க்கரை இரு மடங்கு. பாத்திரம் கழுவும் திரவம் மட்டும் நேர்மாறாக, குறைந்த விலை. கேள்விக்குப் பதில் சொல்லும்போது பத்து ரூபாய் என்று சொல்கிறவர்கள் கடையில் நிற்கும்போது ஐம்பது ரூபாயைப் பார்க்கிறார்கள். பெரும்பாலோர் பொருளைத் திரும்ப வைத்துவிடுவதற்கு அக்கறைக் குறைவு மட்டும் காரணமாக இருக்க முடியாது. அந்த ஐம்பது எங்கிருந்து வருகிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. இந்தக் கடையில் சொல்கிறார்கள், கேட்டால்.

கடலை எண்ணெயைப் பற்றி நான் கேட்டேன். மளிகைக் கடையில் 195 ரூபாய்க்குக் கிடைப்பதை இங்கே ஏன் 340 ரூபாய்க்கு விற்கிறீர்கள் என்று நேராகவே கேட்டுவிட்டேன். கடையில் இருந்தவர் கோபப்படவில்லை. ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் கணக்குப் போட்டார். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு மரச்செக்கில் ஏறத்தாழ இரண்டே கால் கிலோ நிலக்கடலைப் பருப்பு போடவேண்டும். கிலோ 130 ரூபாய் என்றால் பருப்புக்கே 292 ரூபாய் ஆகிவிடுகிறது. மிஞ்சும் புண்ணாக்கை மாட்டுக்கு விற்றால் ஐம்பது, அறுபது ரூபாய் திரும்பும். அதைக் கழித்த பிறகு செக்குக் கூலி, மண்டி தெளிய வைக்கும் நாட்கள், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து டின் வந்து சேரும் வண்டிக் கூலி, கடை வாடகை எல்லாம் சேர்த்தால் 340 வருகிறது. “இருநூறு ரூபாய்க்கு மரச்செக்கு எண்ணெய்னு யாராவது குடுத்தா, பருப்பை என்ன விலைக்கு வாங்கினீங்கன்னு மட்டும் கேளுங்கக்கா” என்றார். அந்த ஒரு கணக்கு எனக்கு எத்தனையோ விளம்பரங்கள் சொல்லாததைச் சொன்னது.

பெரிய ஆலைகளில் இது ஏன் மலிவாகிறது என்பதையும் சொல்லவேண்டும். அங்கே இயந்திரத்தில் பிழிந்த பிறகு, புண்ணாக்கில் தங்கிவிட்ட எண்ணெயையும் ஹெக்சேன் என்ற கரைப்பானில் கரைத்துப் பிரித்தெடுத்துவிடுகிறார்கள். கிட்டத்தட்ட எதுவும் வீணாவதில்லை. பிறகு நிறமும் மணமும் நீக்கிச் சுத்திகரிக்கிறார்கள். செக்கில் அப்படி முழுவதையும் பிழிய முடியாது. ஆகவே உண்மையை மறைக்காமல் பார்த்தால், ஒரு லிட்டர் செக்கு எண்ணெய்க்கு ஆலை எண்ணெயைவிட அதிகமான கடலை, அதாவது அதிகமான நிலமும் தண்ணீரும் செலவாகிறது. அதைச் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று மட்டும் சொல்லி விற்பது சரியாகாது. நான் அந்த 145 ரூபாயைக் கொடுப்பது தாளிக்கும்போது வீடு முழுவதும் பரவும் அந்த வாசனைக்காகவும், ஏதோ ஓர் ஊரில் ஒரு செக்கு தொடர்ந்து ஓடுவதற்காகவும், மாதம் நான்கு பிளாஸ்டிக் உறைகள் என் வீட்டுக் குப்பையில் சேராமல் இருப்பதற்காகவும்தான். இதில் கடைசிக் காரணம் ஒன்றுதான் சுற்றுச்சூழலைச் சேர்ந்தது. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டது இந்த ஓராண்டில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் என்று நினைக்கிறேன்.

அரிசியின் கதை வேறு. தூயமல்லி போன்ற மரபு நெல் வகைகள் உயரமாக வளர்ந்து காற்றுக்கும் மழைக்கும் சாய்பவை. ஏக்கருக்குக் கிடைக்கும் மூட்டைகள் குறைவு. வயலில் நிற்கும் நாட்களும் அதிகம். இவற்றின் விதைகள் இன்றும் புழக்கத்தில் இருப்பதே சிலருடைய உழைப்பால்தான். இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வாரைப் பின்பற்றிய நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிக்கு அருகில் ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தி, வருகிற விவசாயிகளுக்கு விதை கொடுத்து, விளைந்ததும் கூடுதலாகத் திருப்பித் தரச் சொல்லி, நூற்றறுபதுக்கும் மேற்பட்ட வகைகளை மீட்டார். 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். அந்த விதையைப் போட்டு விளைவிக்கிறவருக்கு மூட்டைக் கணக்கில் ஏற்படும் இழப்பை விலைதான் ஈடுகட்டவேண்டும். இதோடு இன்னொன்றும் இருக்கிறது. நாட்டின் அங்கக வேளாண் சான்றிதழ் விதிகளின்படி, ரசாயன உரத்தை நிறுத்திய உடனே ஒருவர் தன் விளைச்சலை ஆர்கானிக் என்று விற்க முடியாது. நெல் போன்ற ஆண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டுகள், மரப்பயிர்களுக்கு மூன்று ஆண்டுகள் மாற்றக்காலம் உண்டு. அந்தக் காலத்தில் விளைச்சலும் குறையும், நல்ல விலையும் கிடைக்காது. கிலோவுக்கு நான் கூடுதலாகக் கொடுக்கும் 34 ரூபாயில் ஒரு பகுதி, என்றோ முடிந்துபோன அந்த இரண்டு ஆண்டுகளுக்கான பாக்கி என்றே எண்ணுகிறேன்.

சான்றிதழைப் பற்றிக் கேட்டபோது கடைக்காரர் ஒரு கோப்பை எடுத்துக் காட்டினார். சில பொருட்களுக்கு மட்டுமே, பச்சை நிறத்தில் ‘ஜைவிக் பாரத்’ என்ற முத்திரையோடு சான்று இருந்தது. சிலவற்றுக்கு, பக்கத்துப் பக்கத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் பார்வையிட்டு உறுதி செய்யும் பங்கேற்பு முறைச் சான்று இருந்தது. இரண்டு விவசாயிகளின் பொருளுக்கு எந்தச் சான்றும் இல்லை. அவற்றின் டிரம்மில் ‘ஆர்கானிக்’ என்று எழுதாமல் ஊர்ப் பெயரை மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள். “நாங்க போய்ப் பார்த்திருக்கோம், நம்புறோம். ஆனா காகிதம் இல்லாததை இருக்குன்னு எழுத முடியாதில்லையா” என்று அவர் சொன்னதற்குப் பிறகுதான் நான் அந்தக் கடையின் வாடிக்கையாளர் ஆனேன் என்று சொல்லலாம்.

துவரம் பருப்பில் ஒருமுறை வண்டு வந்தது. ஆவணி மாதப் புழுக்கத்தில் டப்பாவைத் திறந்தபோது மூடியின் உட்பக்கத்தில் ஏழெட்டு ஊர்ந்துகொண்டிருந்தன. அடியில் மாவாக உதிர்ந்திருந்தது. பூச்சி மருந்துப் புகை போடாத பருப்பில் இது நேரும் என்பது தெரியும், ஆனால் கிலோ 210 ரூபாய் கொடுத்தவருக்கு அந்தக் காட்சி மனத்தைச் சுருக்கத்தான் செய்யும். எடுத்துக்கொண்டு போனேன். மறு பேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். வெயிலில் உலர்த்தி, இரண்டு வேப்பிலைக் கொத்தோ நாலைந்து காய்ந்த மிளகாயோ போட்டு வைக்கச் சொன்னார்கள், ஒரே நேரத்தில் ஒரு மாதத்துக்கு மேல் வாங்கவேண்டாம் என்றார்கள். என் குறை என்னவென்றால், இந்த அறிவுரையை வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். டிரம்மின் மேல் ஒரு சீட்டு ஒட்டினால் போதும். இன்றுவரை ஒட்டவில்லை.

பாத்திரம் கழுவும் திரவம் மளிகைக் கடையில் லிட்டர் 215 ரூபாய், இங்கே நம் புட்டியில் நிரப்பிக்கொண்டால் 130 ரூபாய். நுரை குறைவு, எண்ணெய்ப் பிசுக்குள்ள வாணலிக்கு இரண்டு தடவை போடவேண்டியிருக்கிறது, அப்படியும் மிச்சம்தான். சோப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் ஈரத்தில் சீக்கிரம் கரைகிறது, அடியில் நீர் வடியும் சோப்புப் பெட்டி இல்லாதவர்கள் வாங்கவேண்டாம். மூங்கில் பல் துலக்கிகளை நான் இனி வாங்கப்போவதில்லை. கார்த்திகை மழையில் எங்கள் குளியலறையில் அதன் அடிப்பகுதி கறுத்துப் பூஞ்சை பிடித்துவிட்டது. அதோடு, தூரிகை நார் நைலான்தான் என்பதையும் கடைக்காரரே சொன்னார்: தூக்கிப் போடும்போது குறட்டால் நாரைப் பிடுங்கிவிட்டு மூங்கிலை மட்டும் மண்ணில் போடவேண்டுமாம்.

இந்தப் பொருட்களை மேசைமேல் பரப்பி வைத்திருந்தபோது என் மாமியார் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். பீர்க்கங்காய் நாரில் விளிம்பு தைத்த உடல் தேய்ப்பான் 90 ரூபாய் என்றதும், “இதை யாரும்மா காசு குடுத்து வாங்குவாங்க, கொல்லைல காய்ச்சுத் தொங்குமே” என்றார். அவர் செய்யாறுப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். பாத்திரத்துக்குத் தேங்காய் நாரும் சாம்பலும், தலைக்கு அரைத்த சீயக்காய், விருந்துக்கு வாழை இலை, பிரசாதத்துக்குத் தொன்னை, கடைக்குப் போக மஞ்சள் பை என்பதாக வாழ்ந்தவருக்கு, இவை விலை கொடுத்து வாங்கும் சிறப்புப் பொருட்களாக மாறியிருப்பது புரியவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கொல்லை இருந்த வீட்டில் பீர்க்கங்காயை முற்றவிட்டு, காயவைத்து, தோலை உரித்து, விதையை உதறி எடுக்கும் வேலையை யாரோ ஒரு பெண் கூலி இல்லாமல் செய்துகொண்டிருந்தார். இன்று அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் எனக்காக அதை இன்னொரு பெண் எங்கோ கூலிக்குச் செய்கிறார். 90 ரூபாயில் அவருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டேன். பாதிக்குச் சற்று அதிகம் என்று சொன்னார்கள். நான் ஒன்று வாங்கினேன். மாமியார் அடுத்த வாரமே மொட்டைமாடித் தொட்டியில் பீர்க்கன் விதை ஊன்றிவிட்டார். இரண்டாவது தேய்ப்பானுக்கு 90 ரூபாய் தேவைப்படவில்லை.

மஞ்சள் பை என்றதும் ஒன்றைச் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்கள் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் நாணயம் போட்டால் துணிப்பை தரும் இயந்திரமும் வந்தது. இந்த அங்காடியிலோ அச்சிட்ட கெட்டித் துணிப்பை 180 ரூபாய். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பருத்தி விளைவிப்பதற்கும் நூற்று நெய்வதற்கும் ஆகும் தண்ணீரும் மின்சாரமும் சிறிதல்ல. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான், புவி வெப்பமடைதல் கணக்கில், ஒருமுறை மட்டும் பயன்படுத்திய சாதாரணப் பிளாஸ்டிக் பைக்கு அது சமமாகும் என்று கணக்கிட்டார்கள். வாரம் ஒருமுறை எடுத்துப் போனால் இரண்டரை ஆண்டுகள். எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் எண்ணிப் பார்த்தேன்: பதினொரு துணிப்பைகள் தொங்குகின்றன, அவற்றில் எட்டு கல்யாண வீடுகளில் தேங்காயும் வெற்றிலையும் போட்டுக் கொடுத்த தாம்பூலப் பைகள். மணமக்களின் பெயர் மங்கிவிட்டது, பை உறுதியாக இருக்கிறது. பன்னிரண்டாவதை நான் வாங்கினால் அது சுற்றுச்சூழலுக்காக இருக்காது. சென்னையில் எந்தத் தமிழ் வீட்டிலும் இந்த நிலைதான் இருக்கும் என்பதால், இந்தப் பொருளை வாங்கவேண்டாம் என்றே சொல்வேன்.

இந்தக் கடைக்கு வருவதற்கு முன் எனக்கு ஏற்பட்ட ஓர் அனுபவத்தையும் எழுதியாகவேண்டும். இணையத்தில் ஒரு நிறுவனத்திடமிருந்து ‘மண்ணில் மக்கும்’ என்று அச்சிட்ட பச்சை நிறக் குப்பைப் பைகளை வழக்கமான விலையைப் போல மூன்று மடங்கு கொடுத்து வாங்கினேன். மக்கும் என்று நம்பி, காய்கறிக் கழிவோடு ஒரு பையைச் சுருட்டி மாடியில் உள்ள உரத் தொட்டியில் போட்டு மூடினேன். எட்டு மாதம் கழித்துக் கிளறியபோது கழிவு கருப்பு மண்ணாகிவிட்டிருந்தது. பை, சுருக்கம்கூட மாறாமல், அச்சிட்ட இலைப் படத்தோடு அப்படியே வந்தது. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்: உரமாகக்கூடிய பிளாஸ்டிக் என்பதில் பெரும்பாலானவை, 58 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பத்தைத் தொடர்ந்து காக்கும் பெரிய உரக்கூடங்களில் மக்குவதற்காகச் சோதிக்கப்பட்டவை. வீட்டுத் தொட்டியில் அந்த வெப்பம் நிலைத்து நிற்பதில்லை. அந்தச் செய்தி பையின் உறையில் எங்கும் இல்லை. நான் மூன்று மடங்கு கொடுத்தது ஓர் இலைப் படத்துக்கு.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ‘இயற்கையானது’, ‘பசுமையானது’, ‘சூழலுக்கு உகந்தது’ போன்ற சொற்களை ஆதாரமும் விளக்கமும் இல்லாமல் பொருள்மீது அச்சிடக்கூடாது. பொருள் முழுவதையும் குறிக்கிறதா, உறையை மட்டும் குறிக்கிறதா என்பதையும் தெளிவாகச் சொல்லவேண்டும். புகார் செய்ய 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மண்பானைச் சின்னம் கொண்ட ‘ஈகோமார்க்’ முத்திரையை அரசு 1991லேயே அறிமுகப்படுத்தியது. ஆனால் என் வாழ்நாளில் ஒரு பொருளின்மேல்கூட அதைப் பார்த்த நினைவில்லை. அந்த மண்பானை எல்லாக் கடைகளிலும் கண்ணில் படும்படி இருந்திருந்தால், என்னைப் போன்றவர்கள் இலைப் படங்களிடம் ஏமாந்திருக்க மாட்டோம்.

அப்படியிருந்தும் மக்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள், நானும் கொடுக்கிறேன். ஏன்? பொருளியலாளர் ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி 1990இல் எழுதிய கட்டுரையில், பொதுநன்மைக்காகக் கொடுப்பவர்கள் அந்த நன்மைக்காக மட்டுமல்லாமல், கொடுப்பதால் தங்களுக்குள் ஏற்படும் நிறைவுக்காகவும் கொடுக்கிறார்கள் என்று விளக்கினார். என் கணக்கில் அந்த நிறைவுக்கும் ஒரு பங்கு உண்டு, மறுக்கவில்லை. தூக்குவாளியோடு தெருவில் நடக்கும்போது மேல்வீட்டுப் பெண்மணி பார்த்து விசாரிப்பதிலும், அவர் அடுத்த மாதம் தானும் ஒரு வாளியோடு வருவதிலும் எனக்கு மகிழ்ச்சி இருக்கிறது. ஆனால் என்னைக் கடைக்குள் முதலில் தள்ளியது மகிழ்ச்சி இல்லை. 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தது. நாள்கணக்கில் அணையவில்லை. காற்று கடலை நோக்கித் திரும்பிய இரவுகளில் எங்கள் வீட்டு ஜன்னல்களைச் சாத்தியும் பிளாஸ்டிக் கருகும் நெடி தொண்டையில் ஒட்டியது; மாமியாருக்கு மூச்சிரைப்பு வந்து இரண்டு இரவுகள் உட்கார்ந்தபடியே தூங்கினார். சென்னை நாளொன்றுக்கு ஐயாயிரம் டன்னுக்கு மேல் கழிக்கும் குப்பையில் தென்பகுதியின் பங்கு பல ஆண்டுகளாக அங்கேதான் போய்க் குவிந்தது. அதைத் தாங்கிய பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் அதே ஆண்டில்தான், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. எரிந்த குவியலில் என் வீட்டு எண்ணெய் உறைகளும் இருந்திருக்கும் என்ற எண்ணம் வந்த பிறகு, 145 ரூபாய் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

கூடுதல் விலையில் இரு வகை உண்டு என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். கூடத்து மின்விசிறியை மாற்றியபோது, சாதாரண விசிறியைவிட ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் அதிகம் கொடுத்து, மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. மோட்டார் விசிறி வாங்கினோம். பழையது 75 வாட், புதியது 30 வாட். நாளைக்கு 14 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதக் கணக்கில் 38 யூனிட் குறைகிறது. மின்வாரியத்துக் கட்டணத்தில் அது கண்ணுக்குத் தெரிகிறது, போட்ட பணம் திரும்பிவிடும். அங்காடியில் கொடுக்கும் பணம் அப்படித் திரும்பாது. அது விவசாயிக்கும், செக்குக்காரருக்கும், நார் உரிக்கும் பெண்ணுக்கும் போய்விடுகிறது. ஆகவே விசிறி வாங்க நட்சத்திர முத்திரை போதும். அரிசி வாங்க, கேட்டால் விவரம் சொல்லும் ஒரு மனிதர் வேண்டும்.

அந்த மனிதர் இருக்கும் கடை என்பதால்தான், மிச்சமிருக்கும் குறைகளை வெளிப்படையாக எழுதுகிறேன். விலைப் பலகை இல்லை. ஒவ்வொன்றுக்கும் கேட்கவேண்டியிருக்கிறது, கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் ரசீதைப் பார்த்து அதிர்ந்து மறுமுறை வராமலே போய்விடுவார்கள். சனிக்கிழமை மாலைகளில் ஒரே தராசு, பத்துப் பேர் வரிசை. குழந்தையோடு வருகிறவர்களுக்கு உட்கார ஒரு முக்காலிகூட இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் சேவையை நான் ஒருமுறை பயன்படுத்தியபோது எண்ணெய் பிளாஸ்டிக் புட்டியில், அதன்மேல் இன்னொரு பிளாஸ்டிக் உறையோடு வந்து சேர்ந்தது. கசிந்துவிடக்கூடாது என்ற கவலை புரிகிறது, ஆனால் அதற்கு இந்தக் கடை எதற்கு? பத்து ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு கண்ணாடிப் புட்டியில் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வாசலை ஒட்டி இரண்டு மாதங்களுக்கு முன் புதிதாக வந்திருக்கும் பரிசுப்பொருள் அலமாரி. தீபாவளிக்கும் நவராத்திரிக்கும் கொடுக்கத் தகுந்த சணல் பெட்டிகள், உள்ளே தேங்காய்ச் சிரட்டைக் கிண்ணம், மூங்கில் உறிஞ்சுகுழல், மெழுகு பூசிய துணி. ஒரு பெட்டி 1,450 ரூபாய். பெட்டியைத் தட்டிப் பார்த்தேன். சணலின் உட்புறம் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருந்தது. எங்கிருந்து வருகிறது என்று கேட்டபோது, எண்ணெய்க்கு ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டவர், முதல்முறையாகத் தயங்கினார். ஒரு மொத்த வியாபாரியிடமிருந்து வாங்கியதாகவும், கடை வாடகை ஏறிவிட்டதால் லாபம் உள்ள பொருள் ஒன்று தேவைப்பட்டதாகவும் சொன்னார். அந்தப் படலத்தைப் பற்றி அந்த வியாபாரியிடம் விசாரித்துச் சொல்கிறேன் என்றார். கடையை மூடாமல் நடத்தவேண்டிய அவருடைய நெருக்கடி எனக்குப் புரிகிறது. இருந்தாலும், டிரம்மில் காகிதம் இல்லாததை இருப்பதாக எழுத மறுத்த அதே கை இந்தப் பெட்டிமேல் ‘மண்ணுக்கு நல்லது’ என்ற அட்டையைக் கட்டியிருப்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

போகிறவர்களுக்குச் சில செய்திகள்: பாத்திரங்களை முந்தின நாளே கழுவி வெயிலில் காயவைத்து எடுத்துப்போங்கள். அரிசி, கடலை எண்ணெய், நல்லெண்ணெய், பாத்திரம் கழுவும் திரவம் ஆகிய நான்கையும் தயங்காமல் வாங்கலாம். பருப்பை அரைக் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். பல் துலக்கியும் துணிப்பையும் வேண்டாம். சணல் பெட்டியைப் பற்றி அவர் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. இந்தச் சனிக்கிழமை எண்ணெய் தீர்ந்துவிடும். தூக்குவாளியோடு போகும்போது மறுபடியும் கேட்பேன்.